சேத்ரிக்கு 41 வயது: பெங்களூரு எஃப்.சி.யை நம்பி சீசன் டிக்கெட் எடுக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது "அடுத்த சீசனில், 2025-26-இல், நம்ம கால்பந்து டீம் பெங்களூரு எஃப்.சி. கப் அடிக்குமா" என்று. அதன் கீழே எழுதியிருக்கும் நான்கு வரியைப் படித்தால் கேள்வி வேறாகத் தெரிகிறது. ஒயிட்ஃபீல்டு ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "போன சீசன் ஃபைனல் வரைக்கும் போனோம், நல்ல ஃபாரின் ஸ்ட்ரைக்கர் ஒருத்தன் வந்தா கப் நமக்குத்தான்" என்கிறது. இன்னொரு கட்சி, டீமுக்கு கோல் போட்டுத் தருகிற சுனில் சேத்ரியைக் காட்டி, "சேத்ரிக்கு ஆகஸ்டில் 41 ஆகுது, அவர் உட்கார்ந்தா டீமும் உட்கார்ந்துடும், மறுபடி பத்தாவது இடம்தான்" என்கிறது. மதுரையிலிருந்து வேலைக்கு வந்த நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டு, யாரை நம்பி சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது என்று கேட்கிறீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, போன வருடம் பார்த்தது நிஜமாகவே நல்ல டீமா, இல்லை ஒரே மனிதர் தூக்கி நிறுத்திய டீமா என்பதை.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்டின் டவுனில் பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் பல வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். பயிற்சியாளருக்கான டி லைசென்ஸ் முடித்தவன். அதற்கு முன் மாவட்ட லீக்கில் சென்டர் பேக் ஆடினேன். அதனால் எந்த மேட்சைப் பார்த்தாலும் கண் முதலில் டிஃபென்ஸுக்குத்தான் போகும். அந்தச் சாய்வு இந்தப் பதிலிலும் இருக்கும். இந்த கிளப்பை 2013-இல் அசோக் நகர் ஸ்டேடியத்தில் ஆடத் தொடங்கியதிலிருந்து பார்க்கிறேன். ஆனால் கிளப்புக்குள் எனக்கு ஆள் கிடையாது. யாருக்கு என்ன சம்பளம், யாருக்கும் யாருக்கும் ஆகாது என்கிற சங்கதியெல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். கேலரியிலிருந்து தெரிவதும் பாயின்ட் டேபிளில் இருப்பதும்தான் என் கையிருப்பு.

சந்தேகத்துக்கு இடமில்லாததிலிருந்து தொடங்குகிறேன். 2024-25 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) லீக் கட்டத்தில் பெங்களூரு மூன்றாவது இடம், 24 மேட்சில் 38 பாயின்ட். முதலிடம் வந்த மோகன் பகானுக்கு 56, இரண்டாவதாக வந்த கோவாவுக்கு 48. நமக்கு அடுத்து வந்த நார்த் ஈஸ்ட், ஜம்ஷெட்பூர் இரண்டுக்கும் நம்முடைய அதே 38. ஆறாவதாக வந்த மும்பைக்கு 36. ஆக, மூன்றாமிடத்துக்கும் ஆறாமிடத்துக்கும் இரண்டே பாயின்ட் வித்தியாசம். மூன்றாமிடத்துக்கும் முதலிடத்துக்கும் 18. ஜெயித்த மேட்சில் ஒன்றே ஒன்று கைவிட்டுப் போயிருந்தால் நாம் ஆறாவது. "மூன்றாவதாக வந்த டீம்" என்று தொடங்கும் எந்த வாதமும் அந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

உங்கள் நண்பர்களின் கண்ணில் நிற்பது அதற்குப் பிறகு, கப் யாருக்கு என்று தீர்மானிக்கும் பிளே-ஆஃபில் நடந்தது. நம் சொந்த மைதானமான கண்டீரவாவில் மும்பையை 5-0. கோவாவை இரண்டு மேட்சும் சேர்த்து 3-2. இரண்டாவது மேட்சின் கூடுதல் நிமிடத்தில் சேத்ரி போட்ட கோல்தான் நம்மைக் கரையேற்றியது. ஏப்ரல் 12, கொல்கத்தாவில் மோகன் பகானோடு ஃபைனல். முதலில் நமக்கு ஒரு கோல் முன்னிலை, எக்ஸ்ட்ரா டைமில் 1-2 தோல்வி. மூன்று வாரத்துக்குள் நடந்த இந்த நான்கு மேட்சும் மனதில் பதிகிற அளவுக்கு, அதற்கு முன் மாதக்கணக்கில் ஓடிய 24 மேட்ச் பதிவதில்லை. ஜனவரியில் முகமதன் இதே கண்டீரவாவுக்கு வந்து 1-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது. 13 டீமில் கடைசி இடத்தில் சீசனை முடித்த டீம் அது. சாப்பாட்டு மேஜையில் அந்த மேட்சைப் பற்றி யாராவது பேசினார்களா?

இப்போது இன்னொரு சீசனைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017-18-இல் பெங்களூரு ஐ.எஸ்.எல்.லுக்குள் வந்த முதல் வருடம், பத்து டீம், 18 மேட்ச். நாம் எடுத்தது 40 பாயின்ட். இரண்டாவதாக வந்த சென்னையைவிட எட்டு அதிகம். அன்று 18 மேட்சில் எடுத்ததை நேற்று 24 மேட்சில் எடுக்க முடியவில்லை. "நம்ம பழைய டீம் திரும்பி வந்துடுச்சு" என்று 2025 மார்ச்சில், தீவிர ரசிகர்கள் நிற்கும் வெஸ்ட் பிளாக் கேலரியில் பாடிக்கொண்டிருந்தவர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் கணக்கு இதுதான்.

அந்த இரண்டு சீசனிலும் சேத்ரி எத்தனை கோல் போட்டார் தெரியுமா? 2017-18-இல் 14. 2024-25-இலும் 14. முப்பத்துமூன்று வயதில் போட்டதை நாற்பது வயதில் அப்படியே போட்டிருக்கிறார். நேர்மையாகச் சொன்னால் இதில் ஒரு சலுகை இருக்கிறது: அன்று பிளே-ஆஃப் சேர்த்து டீம் ஆடியது 21 மேட்ச், போன சீசனில் 28. மேட்சுக்கு இத்தனை என்று பார்த்தால் குறைந்திருக்கிறார்தான். ஆனாலும் நாற்பது வயதில் இரண்டு மேட்சுக்கு ஒரு கோல் என்பது எந்த ஊரிலும் சாதாரணமில்லை. 2024 டிசம்பரில் கேரளாவை 4-2 என்று ஜெயித்த மேட்சில் ஹாட்ரிக் போட்டார், ஐ.எஸ்.எல்.லில் அவ்வளவு வயதில் வேறு யாரும் ஹாட்ரிக் போட்டதில்லை.

பிறகு எங்கே போனது அந்த வித்தியாசம்? 2017-18-இல் சேத்ரிக்குப் பக்கத்தில் வெனிசுவேலாக்காரர் மிக்கு நின்றார். அவர் போட்டது 15. சேத்ரியை இருவர் சுற்றி வளைத்தால் மிக்கு காலியாக நிற்பார். மிக்குவிடம் போனால் சேத்ரி. போன சீசனில் சேத்ரிக்கு அடுத்தபடி கோல் போட்டவர்களில் யாரும் அந்த 15-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதனால் உங்கள் மேஜையில் இரண்டு கட்சிக்கும் பாதி உண்மை கிடைத்திருக்கிறது. ஒருவரை நம்பி நிற்கிறது என்பது சரி. அந்த ஒருவர் தேய்ந்துவிட்டார் என்பது சரியில்லை. அவருக்குப் பக்கத்து இடம்தான் காலியாக இருக்கிறது, அதுவும் பல வருடமாக.

41 வயதில் ஒரு ஃபார்வர்டுக்கு எது போகும், எது போகாது என்பதைப் பயிற்சி கொடுப்பவன் என்கிற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஜனங்கள் அதிகம் குழம்புகிறார்கள். பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிவது, டிஃபென்டரின் முதுகுப் பக்கம் நழுவுவது, ஒரே தொடுதலில் முடிப்பது, இவை வயதோடு போவதில்லை. சிலருக்குக் கூடவே செய்யும். போவது திரும்பத் திரும்ப ஓடும் திறன். ஒரு முறை முப்பது மீட்டர் பறந்துவிட்டு, நாற்பது விநாடியில் மறுபடி பறக்க வேண்டும் என்றால் கால் வராது. சனிக்கிழமை 90 நிமிடம் ஆடியவர் புதன்கிழமை இன்னொரு 90 நிமிடம் என்றால் இன்னும் கஷ்டம். இதன் விலையை சேத்ரி கொடுப்பதில்லை, அவருக்குப் பின்னால் ஆடுபவர்கள் கொடுக்கிறார்கள். எதிரணி பின்னாலிருந்து பந்தைக் கட்டிக்கொண்டு வரும்போது முன்வரிசை விரட்டவில்லையென்றால், மிட்ஃபீல்டில் சுரேஷ் சிங் இரண்டு பேர் ஓட்டத்தை ஓட வேண்டும். மேட்சின் கடைசிக் கால் மணி நேரத்தில் நமக்கு விழுகிற கோல்களில் சிலதைத் திரும்பிப் பார்த்தால், களைத்துப்போன மிட்ஃபீல்டு என்பதே காரணமாகத் தெரியும். இது என் கண்ணுக்குப் பட்டது; ஓடிய தூரத்தை அளந்து சொல்லவில்லை.

2024-25 சீசன் தொடக்கத்தில் அப்போதைய கோச் ஜெரார்ட் சரகோசா இதைப் புரிந்துதான் நடந்துகொண்டார் என்று நினைக்கிறேன். ஹைதராபாத்தை 3-0 என்று ஜெயித்த மேட்சில் சேத்ரி பெஞ்சிலிருந்து வந்து கடைசியில் இரண்டு கோல் போட்டார். அந்த நாட்களில் முதல் ஐந்து மேட்சில் நாம் ஒரு கோல்கூட வாங்கவில்லை. சீசன் போகப்போக கோல் வேண்டும் என்கிற நெருக்கடியில் சேத்ரியின் நிமிடங்கள் கூடின. வாங்குகிற கோல்களும் கூடின. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், காயமும் களைப்பும் எதிரணியின் தரமும் சேர்ந்தே இருந்தன. ஆனால் வரும் சீசனில் அவர் பெரும்பாலான மேட்சில் அறுபதாவது நிமிடத்துக்கு மேல் உள்ளே வருகிறார் என்றால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். "ஏன் லெஜண்டை உட்கார வைக்கிறாங்க" என்று உங்கள் ஆபீஸில் கத்துவார்கள், கத்தட்டும்.

அந்த அறுபது நிமிடம் யார் ஆடுவது என்பதுதான் கடினமான பகுதி. 2021-22 முதல் ஐ.எஸ்.எல்.லில் ஒரே நேரத்தில் நான்கு ஃபாரின் வீரர்கள்தான் களத்தில் இருக்கலாம். ஏழு பேர் இந்தியர்களாக இருக்க வேண்டும். எல்லா கிளப்பும் அந்த நான்கில் ஒன்றையாவது ஸ்ட்ரைக்கர் இடத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் இந்தியப் பையன் விங்குக்குத் தள்ளப்படுகிறான், அல்லது பெஞ்சுக்கு. நம்மிடம் இதற்கு உதாரணம் இருக்கிறது: காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூர்க்காரர் சிவசக்தி நாராயணன். 2022-23-இல் ஃபாரின் ஸ்ட்ரைக்கர் ராய் கிருஷ்ணாவோடு சேர்ந்து முன்வரிசையில் ஆடி ஆறு கோல் போட்டு, அந்த சீசனின் வளரும் வீரர் விருதும் வாங்கினார். அந்த வருடம் லீக் கட்டத்தின் கடைசி எட்டு மேட்சையும் வரிசையாக ஜெயித்தோம் என்றால் அவருடைய ஓட்டத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பிறகு வந்த இரண்டு சீசனிலும் தொடர்ச்சியாக அந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. வாய்ப்பு கொடுக்காததால் கோல் இல்லையா, கோல் இல்லாததால் வாய்ப்பு இல்லையா என்று வெளியே நின்று சொல்ல முடியாது. அவர் தமிழ்ப் பையன் என்பதால் எனக்குப் பாசம் கொஞ்சம் கூடுதல்தான், அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள். இன்னொருவர் வினித் வெங்கடேஷ், இந்த ஊர்ப் பையன், கிளப்பின் அகாடமியிலேயே வளர்ந்தவர். 2024 செப்டம்பரில் 19 வயதில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக இறங்கிப் போட்ட ஒரே கோலில்தான் 1-0 என்று ஜெயித்தோம்.

வினித்தின் பெயரைச் சொன்னால் அல்சூர் கௌதமபுரா பெரியவர்களுக்கு ஒரு சமாதானம். பெலேவுக்குச் சிலை வைத்த தெரு அது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர், அதே ஒலிம்பிக்கில் ஆடிய அகமது கானும் அப்படியே. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். தொழிற்சாலை டீம்கள் ஆடிய காலத்தைப் பேசத் தொடங்கினால் அவர்களுக்கு டீ ஆறிப்போகும். "நம்ம ஊர் பேர்ல ஆடுறானுங்க, நம்ம ஊர்ப் பையன் எத்தனை பேருடா?" என்பது அவர்களுடைய நிரந்தரக் கேள்வி. 2018 ஃபைனலில் சென்னை 3-2 என்று நம்மை கண்டீரவாவிலேயே ஜெயித்தபோது அந்தத் தெருக்களில் பாதிப் பேர் யாருக்காகக் கை தட்டினார்கள் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

அந்த ஃபைனலைச் சொன்னதால், சென்டர் பேக் ஆனவனுக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். 2025 வரை பெங்களூரு நான்கு ஐ.எஸ்.எல். ஃபைனல் ஆடியிருக்கிறது: 2018, 2019, 2023, 2025. ஜெயித்தது 2019 மட்டும். தோற்ற மூன்றிலும் சேர்த்து, ஷூட்-அவுட் நீங்கலாக, நாம் வாங்கியது ஏழு கோல். 2018-இல் சென்னையின் மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் அடித்த இரண்டும் கார்னரிலிருந்து. 2023-இல் மோகன் பகானின் இரண்டும் பெனால்டி. அதற்குப் பிறகு ஷூட்-அவுட்டிலும் தோற்றோம். 2025-இல் ஒன்று பெனால்டி. ஏழில் ஐந்து, நின்ற பந்திலிருந்து வந்தவை. மேலே சொன்ன முகமதன் மேட்சிலும் கடைசி நேர ஃப்ரீ கிக்தான். பெனால்டியையும் கார்னரையும் ஒரே கூடையில் போடலாமா என்று கேட்டால், முழுக்கச் சரியில்லைதான். பெனால்டி பாக்ஸுக்குள் கட்டுப்பாடு தவறுவதால் வருவது, கார்னர் கோல் ஆளை விடுவதால் வருவது. ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அதே நான்கு டிஃபென்டர்கள், அதே கீப்பர், சலிக்கச் சலிக்கப் பயிற்சி. கீப்பர் குர்ப்ரீத் 2017 முதல் இருக்கிறார். அவருக்கு முன்னால் நிற்பவர்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். நாம் ஜெயித்த 2019 ஃபைனலில் 117-ஆவது நிமிடத்தில் ராகுல் பேக்கே அடித்த ஒரே கோலும் கார்னரில் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கார்னரும் ஃப்ரீ கிக்கும் அடிக்க ரோஷன் சிங் மாதிரி ஒருவரை வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் கோட்டை விடுவது வயிற்றெரிச்சல்.

இனி சந்தேகத்துக்குரியவை. 2025 ஜூலைக்குப் பிறகு இதை எழுதும்போது முதல் சந்தேகம் சீசன் நடக்குமா என்பதே. அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்புக்கும் ஐ.எஸ்.எல்.லை நடத்திவந்த எஃப்.எஸ்.டி.எல். நிறுவனத்துக்கும் இருந்த 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ஆம் தேதியோடு முடிவதாக இருந்தது. அதற்கு மேல் என்ன என்று தெளிவாகும்வரை சீசனை நிறுத்தி வைப்பதாக ஜூலை 11 அன்று கிளப்புகளுக்குச் சொல்லிவிட்டார்கள். கூட்டமைப்பின் சட்டதிட்ட வழக்கும் அப்போது உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. இந்த நிலைமையில் எந்த ஃபாரின் ஸ்ட்ரைக்கர் வருவார், இருப்பவர்களில் யார் பொறுமையாகக் காத்திருப்பார் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் மேலே சொன்ன நின்ற பந்துப் பயிற்சிக்கும் இது நேரடி அடி. ஒரே ஆட்களை வைத்து ஐந்தாறு வாரம் தொடர்ந்து வேலை செய்தால்தான் கார்னர் டிஃபென்ஸ் உருப்படும். சீசன் தேதியே தெரியாதபோது எப்போது தொடங்குவது? லீக் சுருங்கி, மேட்ச் குறைந்தால், நாக்-அவுட் குணமுள்ள நம் டீமுக்கு லாபம் என்று ஒரு நண்பர் வாதாடுகிறார். இருக்கலாம். ஆனால் சுருங்கிய லீக்கில் மேட்சுகள் நெருக்கமாக வரும், 41 வயதுக் காலுக்கு அது ஆகாது.

கண்டீரவாவின் உயரம் நமக்குச் சாதகம் என்று உங்கள் நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சுமார் 900 மீட்டரில் யாருக்கும் மூச்சு வாங்காது; அந்தப் பேச்சுக்கு அர்த்தம் வருவதே 1,500 மீட்டருக்கு மேலேதான். இந்த ஊர் மாலைக் குளிர் எதிரணிக்கும் இதமாகத்தான் இருக்கும். கொச்சியிலும் சென்னையிலும் புழுக்கத்தில் போய் ஆடும்போது கஷ்டப்படுவது நாம்தான்.

என் கணிப்பைக் கேட்டால்: முழு லீக் நடந்து, இந்திய வீரர்களில் பெரும்பாலோர் அப்படியே இருந்தால், நான்காவது இடத்திலிருந்து ஏழாவது இடத்துக்குள். லீக் கட்டத்தில் முதலிடம் வருகிற டீமுக்குக் கொடுக்கும் லீக் ஷீல்டு கிடைக்காது. மோகன் பகானோடு இருக்கும் 18 பாயின்ட் இடைவெளி ஒரு ஸ்ட்ரைக்கரால் மூடுகிற அளவு இல்லை. கப் அடிக்கலாம், ஏனென்றால் பிளே-ஆஃபுக்குள் போய்விட்டால் அது மூன்று நான்கு மேட்ச் விவகாரம், அதில் இந்த டீமுக்குப் பழக்கம் உண்டு. பத்தாவது இடம் என்கிற பயம் எனக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் 2022-23-இல் ஃபைனல் ஆடிய டீம்தான் அடுத்த சீசனில் 12 டீமில் பத்தாவதாக வந்தது, கோச் சைமன் கிரேசனும் டிசம்பரிலேயே போனார். அதனால் அந்தக் கட்சியைச் சிரித்து ஒதுக்கவும் முடியாது.

டிக்கெட் விஷயம் எளிது. மேட்ச் அட்டவணை கையில் வரும்வரை சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். அட்டவணை வந்ததும் முதல் இரண்டு மூன்று மேட்சுக்குத் தனித்தனியாக எடுத்துப் போங்கள். வெஸ்ட் பிளாக்கில் பாட்டும் முரசும் ஒரு தடவையாவது அனுபவிக்க வேண்டியது, ஆனால் அங்கே முழு மேட்சும் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் தோளில் கை போட்டுக் குதிப்பார். ஆட்டத்தைப் படிக்க வேண்டுமென்றால் வேறு பக்கம், அதுவும் மேல் வரிசை எடுங்கள். சுற்றிலும் தடகளப் பாதை இருப்பதால் கீழ் வரிசையிலிருந்து தூரத்து கோல் போஸ்ட் சரியாகத் தெரியாது. எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால் பந்தைப் பார்க்காமல், முதல் போஸ்ட் பக்கம் நம் ஆட்கள் எத்தனை பேர், பாக்ஸ் விளிம்பில் திரும்பி வரும் பந்துக்கு ஆள் நிற்கிறாரா என்று மட்டும் பாருங்கள். மூன்று மேட்சிலும் அந்த விளிம்பு காலியாகவே இருந்தால் சீசன் டிக்கெட் காசை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.